இரும்பு ஸ்கேல் ஜில்லுன்னு இருக்கு, மர ஸ்கேல் இல்ல. ஆனா ரெண்டும் ஒரே டெம்பரேச்சராம்! யாராவது விளக்குங்க

ஏழாப்பு அம்மா
எல்லாருக்கும் வணக்கம். திருச்சியிலேர்ந்து எழுதறேன், பொண்ணு ஏழாவது படிக்கறா. பொங்கல் லீவுக்கு முன்னாடி ஸ்கூல்ல ஒரு யூனிட் டெஸ்ட் வெச்சாங்க, அதுல ஒரு கேள்வி, ராத்திரி முழுக்க ஒரே ரூம்ல கிடந்த இரும்பு ஸ்கேல், மர ஸ்கேல் ரெண்டுல எது குளிர்ச்சியா இருக்கும்னு. இவ இரும்புன்னு எழுதிட்டா. தப்புன்னு சுழிச்சு "இரண்டும் ஒரே வெப்பநிலை"ன்னு சிவப்பு மையில எழுதி அனுப்பிருக்காங்க. எனக்கு வந்துச்சே கோவம், காலைல ஆறு மணிக்கு கிரில் கேட்டை தொட்டா சுருக்குங்குது, பக்கத்துலயே இருக்கற மரக் கதவு ஒண்ணும் பண்றதில்ல, தொட்டுப் பாத்தா தெரியாதா எது ஜில்லுன்னு? புக்குல இருக்கறது ஒண்ணு கையில தெரியறது ஒண்ணுன்னா புள்ள எதை நம்பும். நான் பி.காம், சயின்ஸ் பத்தாப்போட முடிஞ்சிது. திட்டாம சொல்லுங்க.

கடைசி பெஞ்ச்
அக்கா உங்க பொண்ணு பக்கம்தான் நான். இரும்புக்கு குளிர்ச்சியை இழுத்து உள்ள வெச்சுக்கற குணம் உண்டு, அதனாலதான் ராத்திரில சீக்கிரம் குளிரும் பகல்ல சீக்கிரம் சுடும். மரத்துக்கு அது கிடையாது. மார்க் கேளுங்க விடாதீங்க.

ரிட்டயர்டு வாத்தி
தம்பி கடைசி பெஞ்ச், கோவிச்சுக்காதீங்க, "குளிர்ச்சியை இழுத்து வெச்சுக்கற"துன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. குளிர் ஒரு பொருள் இல்ல, உள்ள வராது வெளிய போகாது. போறது வர்றது எல்லாம் வெப்பம் ஒண்ணுதான்.

அம்மா, நான் முப்பது வருஷத்துக்கு மேல எட்டாப்பு ஒம்பதாப்புக்கு சயின்ஸ் எடுத்தவன். உங்க பொண்ணு எழுதினது தப்பும் இல்ல சரியும் இல்ல, கேள்வி கேட்டவங்க சரியா கேக்கல. "எது குளிர்ச்சியா இருக்கும்"னு கேட்டா தொட்டுப் பாத்த எந்தப் புள்ளையும் இரும்புன்னுதான் எழுதும். "எதன் வெப்பநிலை குறைவு"ன்னு கேட்டிருக்கணும். ரெண்டு கேள்வியும் வேற வேற.

ராத்திரி பூரா ஒரே ரூம்ல கிடந்தா, ரூம் காத்து 25 டிகிரின்னா இரும்பும் 25 மரமும் 25. சூடா இருக்கறதுலேர்ந்து குளிர்ந்திருக்கறதுக்கு வெப்பம் போய்க்கிட்டே இருக்கும், ரெண்டும் சமமாகற வரைக்கும். எட்டு மணி நேரம் அதுக்கு தாராளம். இப்ப உங்க கைக்கு வாங்க. நம்ம தோலோட மேல்பக்கம் 33 டிகிரி சுமார் இருக்கும் (உடம்புக்குள்ளதான் 37, தோல்ல கம்மி). 33ல இருக்கற விரலை 25ல இருக்கற இரும்பு மேல வெச்சா விரல்லேர்ந்து வெப்பம் இரும்புக்குப் போகும், இரும்பு அதை வாங்கி அந்த இடத்துலயே வெச்சுக்காம சடசடன்னு மத்த இடத்துக்கு கடத்திவிட்டுட்டு இன்னும் குடு இன்னும் குடுன்னு கேக்கும். விரல் தோல் சர்ர்னு குளிர்ந்து போகும். மரமும் 25தான், அதுவும் வாங்கும், ஆனா வாங்கினதை உள்ள தள்ளத் தெரியாது, விரல் பட்ட இடம் மட்டும் சூடாகி நின்னுபோகும், அதுக்கு மேல வாங்காது. தோல் குளிரல, நமக்கு ஒண்ணும் தெரியல.

நம்ம கைக்கு தெரியறது பொருளோட வெப்பநிலை இல்லம்மா, தோல்லேர்ந்து வெப்பம் எவ்ளோ வேகமா போகுதுங்கறது. கை தெர்மாமீட்டர் இல்ல.

ஏழாப்பு அம்மா
சார் ரொம்ப நன்றி. ஆனா பொண்ணு நம்பல. "ரெண்டும் 25ன்னு தாத்தாவுக்கு எப்படி தெரியும், அளந்தாரா"ங்கறா. ஜுரம் பாக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டரை ரெண்டு ஸ்கேல் மேலயும் வெச்சுப் பாத்தோம், ரெண்டுலயும் "லோ"ன்னு காட்டிச்சு. ரெண்டும் ஒண்ணுன்னு அர்த்தமா?

கடைசி பெஞ்ச்
🤣🤣 ரெண்டும் லோ

ரிட்டயர்டு வாத்தி
தாத்தாவை கேள்வி கேட்ட பொண்ணுக்கு என் ஆசீர்வாதம். இப்படித்தான் கேக்கணும்.
ஜுர தெர்மாமீட்டர் 32 டிகிரிக்கு கீழ போனா நம்பர் காட்டாதும்மா, மனுஷ உடம்புக்குன்னே செஞ்சது. மீன் தொட்டிக்கு வெக்கற தெர்மாமீட்டர் இருக்கு பாருங்க, ஒயர் நுனியில சின்ன குமிழ் மாதிரி, அது போதும். நுனியை ஸ்கேல்ல ஒட்டி டேப் போட்டு ராத்திரி விட்டுட்டு காலைல பாருங்க. கையில எடுக்காம பாக்கணும், எடுத்தா உங்க கைச்சூடு ஏறிடும்.

லேத்து பட்டறை
வணக்கமுங்க, கோயமுத்தூருங்க. வாத்தியார் சொல்றது நூத்துக்கு நூறு சரி, ஆனா நம்ம பட்டறைல ஐஆர் கன் ஒண்ணு இருக்குங்க, துப்பாக்கி மாதிரி நீட்டினா நம்பர் காட்டும். இழைய படிச்சுட்டு சும்மா இருக்க முடியாம மத்தியானம் எவர்சில்வர் தட்டு ஒண்ணு, ஒரு மரப் பலகை, ரெண்டையும் பெஞ்சு மேல ரெண்டு மணி நேரம் போட்டு வெச்சு அடிச்சுப் பாத்தனுங்க. பலகை 31. தட்டு 38!! தொட்டா தட்டுதானுங்க ஜில்லுன்னு இருக்கு, கன்னு என்னடான்னா தட்டுதான் சூடுங்குது. கன்னு கெட்டுப்போச்சான்னு பாத்தா பலகைல, சுவத்துல எல்லாம் சரியாத்தான் காட்டுது. இப்ப யாரை நம்பறதுங்க?

கடைசி பெஞ்ச்
போச்சுடா. அக்கா மார்க்கை மறந்துருங்க, இரும்பு சூடு மரம் குளிர்ச்சின்னு புது விடை வந்துருச்சு.

ரிட்டயர்டு வாத்தி
பட்டறைத் தம்பி, உங்க கூரை ஷீட்டா?

லேத்து பட்டறை
ஆமாங்க, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. எப்புடிங்க கண்டுபுடிச்சீங்க?

ரிட்டயர்டு வாத்தி
உங்க கன் தட்டை அளக்கல, தட்டுல தெரியற கூரையை அளந்துச்சு. அந்தக் கருவி பொருளைத் தொடாது, பொருள்லேர்ந்து வர்ற அகச்சிவப்புக் கதிரை வாங்கி கணக்கு போடும். மரம், சுவர், தோல், கறுப்பா மேட்டா இருக்கற எதுவும் தன்னோட கதிரை நல்லா வெளிய விடும், அளவு சரியா வரும். பளபளன்னு இருக்கற உலோகம் தன் கதிரை கொஞ்சம்தான் விடும், வெளியிலேர்ந்து வர்றதை கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பும். மத்தியான வெயில்ல உங்க ஷீட்டு நல்லா காய்ஞ்சு கிடந்திருக்கும், அதான் தட்டுல விழுந்து கன்னுக்குள்ள போயிருக்கு. தட்டுல ஒரு ஓரமா கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, கொஞ்ச நேரம் விட்டு, டேப்பைப் பாத்து அடிங்க.

லேத்து பட்டறை
ஐயா அடிச்சாச்சுங்க. டேப்பு 31. பலகை 31. பொட்டி பொட்டியா சாமான் அளந்து குடுத்தவன் நான், இத்தனை வருஷமா பாலிஷ் போட்ட ஷாஃப்டை எல்லாம் இந்தக் கன்னால அடிச்சு "சூடே இல்லீங்க"ன்னு சொல்லிட்டு இருந்திருக்கறனுங்க. சும்மா ஒரு எவர்சில்வர் சொம்புல கொதிக்கற தண்ணிய ஊத்தி அடிச்சா 45ங்குது, டேப்பு ஒட்டி அடிச்சா 90க்கு மேல போகுது. நல்ல வேளை ஒருத்தனும் நம்பி கைய வெக்கல.

ஏழாப்பு அம்மா
மீன் தொட்டி தெர்மாமீட்டர் ரெண்டு வாங்கி ரெண்டு ஸ்கேல்லயும் டேப் போட்டு அலமாரில வெச்சோம். காலைல ரெண்டும் 25. பொண்ணு கம்முனு இருக்கா. கம்முனு இருந்தா ஒத்துக்கிட்டான்னு அர்த்தம் இல்ல, அவ அப்பா மாதிரி, அடுத்த கேள்விய தயார் பண்றான்னு அர்த்தம்.

பாத்திரக்கடை
லேட்டா வந்ததுக்கு மன்னிக்கவும், கும்பகோணம். ஒரு சோதனை சொல்றேன் மேடம், எங்க கடைல சின்னப் பசங்க வந்தா காட்டுவேன். தோசைக்கல் ஒண்ணு (பழைய வார்ப்பு இரும்பா, கனமா இருக்கணும்), சப்பாத்தி பலகை ஒண்ணு எடுத்துக்கங்க. பாப்பாவை ரெண்டையும் தொடச் சொல்லுங்க, தோசைக்கல்தான் ஜில்லுன்னு இருக்குன்னு சொல்லும். அப்பறம் ஃப்ரிட்ஜ்லேர்ந்து ஒரே அளவு ஐஸ் கட்டி ரெண்டு எடுத்து ரெண்டு மேலயும் வெக்கணும், வெக்கறதுக்கு முன்னாடி கேக்கணும், எதுல ஐஸ் சீக்கிரம் உருகும்னு. எல்லாப் பசங்களும் பலகைலன்னுதான் சொல்லும், ஏன்னா தோசைக்கல் "குளிர்ச்சி"யாச்சே.

ஏழாப்பு அம்மா
ஐயோ செஞ்சுட்டோம். வீடே வேடிக்கை பாத்துச்சு, மாமியார் மொதக்கொண்டு. வீட்ல எவர்சில்வர் தட்டும் ஒண்ணு சேத்து மூணா வெச்சோம். தோசைக்கல்ல 7 நிமிஷம்தான், கண்ணு முன்னாடியே சறுக்கிக்கிட்டே கரைஞ்சு போச்சு. எவர்சில்வர் தட்டுல 22 நிமிஷம். சப்பாத்திப் பலகைல 40 நிமிஷம் ஆகியும் ஒரு புளியங்கொட்டை அளவு மிச்சம் இருந்துச்சு. பொண்ணு பலகைன்னுதான் பந்தயம் கட்டினா, தோத்துட்டா. "அப்ப ஜில்லுன்னு இருக்கறது மேல ஐஸ் சீக்கிரம் உருகுது, ஜில்லுன்னு இல்லாதது மேல உருகலை, என்னமா இது அநியாயம்"ங்கறா.
சரி எனக்கு ஒரு டவுட், எவர்சில்வரும் உலோகம்தான, அது ஏன் தோசைக்கல் கூட போட்டி போட முடியல?

பாத்திரக்கடை
இதைத்தான் எதிர்பாத்தேன். எவர்சில்வருக்கு சூட்டை கடத்தற வேலை அவ்ளோ நல்லா வராது மேடம். செம்பு அதை விட 25 மடங்கு நல்லா கடத்தும், அலுமினியம் 15 மடங்கு கிட்ட, பித்தளை ஏழு மடங்கு, வார்ப்பு இரும்பே மூணு மடங்கு. அதனாலதான் எவர்சில்வர் பாத்திரத்துக்கு அடில செம்பு தகடு அடிச்சு விக்கறோம், இல்லன்னா அடுப்பு நெருப்பு படற இடம் மட்டும் காய்ஞ்சு பாயசம் அடிப்பிடிச்சிரும். பித்தளை டம்ளர்ல சூடா காபி ஊத்தினா டம்ளர் வாயே சுடும், அதனாலதான் டபராவோட விளிம்பு வெளிப்பக்கம் மடிச்சிருக்கும், அங்க பிடிச்சுக்கலாம்.

இன்னொண்ணு, உங்க தட்டு மெல்லிசு. ஐஸ் உருகணும்னா கிராமுக்கு 80 கலோரி வேணும், அந்த வெப்பத்தை யாராவது குடுக்கணும். ரெண்டு கிலோ தோசைக்கல் தாராளமா குடுக்கும், குடுத்துட்டு தானும் கொஞ்சம் குளிர்ந்துக்கும். 200 கிராம் தட்டு பாதி ஐஸ் உருகறதுக்குள்ள தானே சில்லிட்டுப் போய் கையை விரிச்சிரும், அப்பறம் காத்தும் மேஜையும் குடுத்தாதான் உண்டு.

ரிட்டயர்டு வாத்தி
பாத்திரக்கடைத் தம்பி வாத்தியாராப் போயிருக்கலாம். அவர் சொன்னதுலயே ரெண்டு பாடம் கலந்திருக்கு, பிரிச்சுக் காட்டறேன். எவ்ளோ வேகமா கடத்துதுங்கறது ஒண்ணு, அதைத்தான் புக்குல நற்கடத்தி, அரிதிற் கடத்தின்னு போட்டிருப்பாங்க. மொத்தமா எவ்ளோ வெப்பம் கைவசம் இருக்குங்கறது இன்னொண்ணு, அது எடையையும் பொருளோட குணத்தையும் பொறுத்தது.

வெப்பம் வேற வெப்பநிலை வேறன்னு புக்குல ரெண்டு வரியில முடிச்சிடறாங்க. பேச்சுல நமக்கு ரெண்டுக்கும் "சூடு"தான், அங்கயே குழப்பம் ஆரம்பிச்சிருது. தீபாவளிக்கு கம்பி மத்தாப்பு கொளுத்தறோம்ல, அந்தப் பொறி ஒவ்வொண்ணும் ஆயிரம் டிகிரிக்கு மேல, கைல தெறிச்சா சுர்ருன்னுட்டு போயிடும். ஒரு குவளை காபி 80 டிகிரிதான், மேல கொட்டிச்சுன்னா ஆஸ்பத்திரி. பொறிக்கு வெப்பநிலை ஜாஸ்தி, ஆனா கடுகுல பத்துல ஒரு பங்கு கூட எடை இல்ல, குடுக்கறதுக்கு அதுகிட்ட வெப்பமே இல்ல. (எரிஞ்சு முடிஞ்ச மத்தாப்புக் கம்பியை மட்டும் தொடக் கூடாது, அது நிஜமாவே சுட்டுரும், வருஷா வருஷம் ஒரு பையனாவது மிதிச்சுட்டு வருவான்.)

வேப்பிலை
எல்லாரும் சயின்ஸ் சயின்ஸ்ங்கறீங்களே, எங்க ஊர்ல மாரியம்மன் கோயில் தீமிதில நூத்துக்கணக்குல பேரு நடக்கறாங்க, நானும் மூணு வருஷம் இறங்கிருக்கேன், ஒரு கொப்புளம் கிடையாது. அதுக்கு என்ன கணக்கு வெச்சிருக்கீங்க? அது அம்மன் சக்தி.

கடைசி பெஞ்ச்
ஆரம்பிச்சுட்டாங்க

ரிட்டயர்டு வாத்தி
கடைசி பெஞ்ச், சும்மா இருங்க. நல்ல கேள்விதான் கேட்டிருக்கார்.

ஐயா, நீங்க விரதம் இருந்து இறங்கறதை நான் ஒண்ணும் சொல்ல வரல, அது உங்க நம்பிக்கை. கங்கு எப்படிங்கறதை மட்டும் சொல்றேன். செக்கச்செவேல்னு தெரியுதுன்னாலே 500 டிகிரிக்கு மேல. ஆனா அது கரி, மரம் வெந்த கரி, உள்ள பூரா ஓட்டை ஓட்டையா காத்து. வெப்பத்தை ரொம்ப மெதுவாத்தான் கடத்தும், எடையும் கம்மி, மேல சாம்பல் வேற ஒரு போர்வை மாதிரி. கால் பட்ட உடனே அந்த இடத்து கங்கோட மேல்பக்கம் தன்கிட்ட இருக்கற கொஞ்ச வெப்பத்தை குடுத்துட்டு குளிர்ந்து போகும், உள்ள இருக்கறது மேல வர்றதுக்குள்ள நீங்க அடுத்த அடி வெச்சிருப்பீங்க, ஒரு அடிக்கு அரை செகண்டு. மத்தாப்பு, சப்பாத்திப் பலகை ரெண்டும் சேந்த கதை. அதே குழியில கங்குக்கு நடுவுல ஒரு இரும்புத் தகடு கிடந்தா அதை மிதிச்சவர் கதி வேற. அதனாலதான் பூக்குழியில தீ வளக்கறவங்க ஆணி கீணி இருக்கற பழைய மரத்தை போட விடமாட்டாங்க, குழியை நல்லா தட்டி சமமாக்குவாங்க. தடுக்கி விழுந்தவங்க, நின்னு நின்னு நடந்தவங்களுக்கு கொப்புளம் வந்திருக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க. பசங்க யாராவது படிச்சா, வீட்ல முயற்சி பண்ணக் கூடாது, இது சோதனை இல்ல.

வேப்பிலை
ஆணி மரம் போடக் கூடாதுன்னு எங்க பெரியப்பா சொல்லுவாரு, அது ஏன்னு இப்பதான் தெரியுது. சக்தி சக்திதான், அதை விடமாட்டேன். ஆனா தகடு விஷயம் சரியா சொன்னீங்க.

யாழ் தேத்தண்ணி
நான் யாழ்ப்பாணம், எட்டாம் ஆண்டு பிள்ளையளுக்கு டியூஷன் எடுக்கிறனான். எங்கட பிள்ளையளும் இதிலதான் கூட பிழை விடுறவை. நான் மூண்டு பேசின் வைப்பன், ஒண்டில ஐஸ் தண்ணி, ஒண்டில கை தாங்கிற சுடுதண்ணி, நடுவில சாதாரண குழாய்த் தண்ணி. ஒரு கை ஐஸ் தண்ணியில, மற்றக் கை சுடுதண்ணியில ஒரு நிமிசம் வச்சிட்டு, பிறகு ரெண்டு கையையும் ஒண்டா நடு பேசினுக்குள்ள வைக்கச் சொல்லுவன். ஒரு கை "சுடுது" எண்டு சொல்லும், மற்றக் கை "குளிருது" எண்டு சொல்லும். ஒரே தண்ணி, ஒரே ஆள்! பிள்ளையள் சிரிச்சு முடிஞ்ச பிறகு, எந்தக் கை பொய் சொல்லுது எண்டு கேட்பன். அதுக்குப் பிறகு தொட்டுப் பார்த்துச் சொல்லுற பழக்கம் தன்பாட்டில குறையும்.

மெரினா காத்து
இதைப் படிச்சுட்டு எனக்கு ஐஸ் ஹவுஸ் ஞாபகம் வருதுபா. சென்னை கடற்கரை ரோட்டுல வட்டமா இருக்கே, இப்ப விவேகானந்தர் இல்லம், அது 1842ல ஐஸ் வெக்கறதுக்குன்னு கட்டினது. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் குளிர்காலத்துல ஏரி உறைஞ்சதும் ரம்பம் போட்டு அறுத்து, கப்பல்ல ஏத்தி நம்ம ஊருக்கு அனுப்பினாங்க. ஃப்ரெடெரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. மொத சரக்கு 1833ல கல்கத்தாவுக்குப் போச்சு, மே மாசம் 180 டன் ஏத்தி விட்டாங்க, நாலு மாசம் கடல்ல வந்து செப்டம்பர்ல இறங்கறப்ப 100 டன் சுமார் மிச்சம். ஃப்ரிட்ஜ் கிடையாது ஒண்ணும் கிடையாது, நிலநடுக்கோட்டை ரெண்டு தடவை தாண்டி! என்னத்துல சுத்தினாங்கன்னா மரத்தூள். இப்பவும் மீன் மார்க்கெட்ல ஐஸ் பாரை சாக்கு, உமி, மரத்தூள் போட்டு மூடறதை பாத்திருப்பீங்க, அதே டெக்னிக்.

கடைசி பெஞ்ச்
இருங்க இருங்க. மரத்தூள் போத்தினா சூடாகாதா? கம்பளி போத்தினா நமக்கு சூடு வருதுல்ல, அப்ப ஐஸுக்கு போத்தினா இன்னும் சீக்கிரம்ல உருகணும்?

மெரினா காத்து
கம்பளி சூடு குடுக்கறதில்லபா, கம்பளிகிட்ட ஏது சூடு? உன் சூட்டை வெளிய போக விடாம தடுக்குது, அவ்ளோதான். உள்ள நீ இருந்தா சூடு வெளிய போகாது, உள்ள ஐஸ் இருந்தா வெளிய இருக்கற சூடு உள்ள வராது. வாட்ச்மேனுக்கு யார் உள்ள யார் வெளியன்னு கவலை இல்ல.

கடைசி பெஞ்ச்
அண்ணா இது செம. பன்னெண்டாப்பு வரைக்கும் சயின்ஸ் க்ரூப்பு படிச்சேன், இந்த இடம் இன்னிக்குத்தான் புரியுது. என் மொத போஸ்ட்டை அழிச்சுடலாமா?

ரிட்டயர்டு வாத்தி
அழிக்காதீங்க. உங்களை மாதிரி ஐரோப்பாவுல பெரிய பெரிய ஆளுங்களே வெப்பத்தை ஒரு திரவம்னு நெனச்சிட்டிருந்தாங்க, கலோரிக்னு பேரு வெச்சு, பொருளுக்குள்ள ஊறும் வடியும்னு. ரம்ஃபோர்டுன்னு ஒருத்தர் ம்யூனிக்ல பீரங்கிக் குழாயைக் குடையற இடத்துல நின்னு பாத்தார், 1798ல எழுதினார். மழுங்கின துளைக்கருவியை வெச்சு, சுத்தி தண்ணி ஊத்தி, குதிரையை வெச்சு சுத்தவிட்டா ரெண்டரை மணி நேரத்துல தண்ணி கொதிக்குது, நெருப்பே இல்லாம. குடைய குடைய வெப்பம் வந்துக்கிட்டே இருக்கு, தீரவே இல்ல. உள்ள ஊறிக் கிடந்த திரவம்னா ஒரு கட்டத்துல தீரணுமே?

லேத்து பட்டறை
இதை நாங்க டெய்லி பாக்கறமுங்க. ட்ரில் பிட்டு மழுங்கிருச்சுன்னா இரும்பு போகாது, சூடுதான் ஏறும், கூலன்ட் ஊத்தலைன்னா பிட்டு நீலமா போயிரும். சூடு எங்கிருந்துங்க வருது, கரண்டு மோட்டாரை சுத்துது, மோட்டார் பிட்டை சுத்துது, உரசலு சூடாகுது. குதிரைக்குப் பதிலா இப்ப கரண்டு பில்லு.

ரிட்டயர்டு வாத்தி
அதேதான். பொருளுக்குள்ள துகள்கள் ஓயாம ஆடிக்கிட்டே இருக்கு. வெப்பநிலைன்னா சராசரியா ஒரு துகள் எவ்ளோ வேகமா ஆடுதுங்கறதோட அளவு. உரசினா ஆட்டம் ஜாஸ்தியாகும். சூடான விரலை குளிர்ந்த இரும்புல வெச்சா விரல்ல வேகமா ஆடறது இரும்புல மெதுவா ஆடறதை இடிச்சு இடிச்சு ஆட்டிவிடும், அந்த ஆட்டம் கைமாறிப் போறதுதான் வெப்பம். இரும்புல அதைக் கொண்டுபோக கட்டுப்படாம திரியற எலக்ட்ரான்கள் இருக்கு, அதனால ஓட்டம் வேகம். மரத்துல அது இல்ல, பத்தாததுக்கு நடுவுல காத்து வேற.

ஏழாப்பு அம்மா, பாப்பாவுக்கு ஒரு கடைசி சோதனை வெச்சிருக்கேன், ஆனா இப்ப முடியாது. மே மாசம் அக்னி நட்சத்திரத்துல, மத்தியானம் ரெண்டு மணிக்கு, வீட்டுக்குள்ளயே 38, 39 இருக்கறப்ப அதே ரெண்டு ஸ்கேலையும் தொடச் சொல்லுங்க. நேர் வெயில் படக் கூடாது, நிழல்லயே கிடக்கணும். என்ன ஆகும்னு இப்பவே எழுதி வெச்சுக்கச் சொல்லுங்க.

ஏழாப்பு அம்மா
எழுதி ஸ்கேல் பாக்ஸ்ல போட்டுட்டா. என்ன எழுதினான்னு காட்டமாட்டேங்கறா. மே வரைக்கும் இழையை மூடிராதீங்க யாரும்.

ஏழாப்பு அம்மா
மே மாசம் வந்தாச்சு!! யாராவது இருக்கீங்களா? இன்னிக்கு மத்தியானம் ஹால்ல 39. ஃபேன் அனல் காத்தைத்தான் சுத்துது. ஸ்கேல் ரெண்டும் காலைலேர்ந்து அலமாரில, மீன் தொட்டி தெர்மாமீட்டர் ரெண்டுலயும் 39. மர ஸ்கேலைத் தொட்டா ஒண்ணும் பெருசா தெரியல. இரும்பு ஸ்கேல் சூடா இருக்கு! ஜனவரில ஜில்லுன்னு இருந்த அதே ஸ்கேல். மாமியாரைத் தூக்கத்துலேர்ந்து எழுப்பி அவங்க கையைப் பிடிச்சு வெச்சா, அவங்க "இரும்புக்கட்டில் கோடைல சுடும்னு எனக்கு அறுபது வருஷமா தெரியும், இதுக்கா எழுப்பின"ன்னு திரும்பிப் படுத்துட்டாங்க.

பாக்ஸ்லேர்ந்து சீட்டை எடுத்துப் பாத்தோம். "இரும்பு சுடும். ஏன்னா அப்ப ரூம் என் தோலை விட சூடு, அதனால வெப்பம் இரும்புலேர்ந்து எனக்கு வேகமா வரும்"னு ஜனவரிலயே எழுதி வெச்சிருக்கா.

கடைசி பெஞ்ச்
அக்கா புல்லரிக்குது. அந்த டெஸ்ட்ல மார்க் குடுத்தாங்களா?

ஏழாப்பு அம்மா
இல்ல தம்பி. நான் போய் கேட்டேன், விடைக் குறிப்புல இருக்கறதுதான் போட முடியும்னுட்டாங்க. ஆனா ஐஸ் கட்டி சோதனையை க்ளாஸ்ல செஞ்சு காட்டச் சொன்னாங்களாம், இவ தோசைக்கல்லை பையில போட்டு தூக்கிட்டுப் போனா. அந்த ஒரு மார்க்கை இன்னும் மறக்கலை அவ, நானும்தான்.

இப்ப புதுசா கேக்கறா, ரூம் சரியா தோல் சூட்டுலயே இருந்தா இரும்பு மரம் ரெண்டும் எப்படி இருக்கும்னு.

ரிட்டயர்டு வாத்தி
இருக்கேம்மா. சீட்டைப் படிச்சேன், கண்ணாடியைத் துடைச்சிட்டு இன்னொரு தடவை படிச்சேன்.
ரூம் 33, 34 இருக்கற சாயங்காலமா பாத்து கண்ணைக் கட்டிவிட்டு தொடச் சொல்லுங்க. வெப்பம் இந்தப் பக்கமும் போகாது அந்தப் பக்கமும் வராது, ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது.

ஏழாப்பு அம்மா
சார், சாயங்காலம் லேசா ஒரு தூறல் போட்டுது, கரண்டும் போயிடுச்சு, ஹால்ல 34. துப்பட்டாவால கண்ணைக் கட்டி ரெண்டையும் கைல குடுத்தேன். ஒரு செகண்டுல "இதான் இரும்பு"ன்னுட்டா. எப்படிடின்னா, "கனமா இருக்கு"ங்கறா கள்ளி. மறுபடி மேஜைல வெச்சு ஒரு விரலால மட்டும் தொடச் சொல்லிருக்கேன், இருங்க சொல்றேன்.

ஏழாப்பு அம்மா
பத்து தடவையில அஞ்சு தடவை தப்பு.